எழ முடியாதவரும் எழக்கூடாதவரும்

பூவனேரிச் சங்கரலிங்கமாகிய நான், எழுபத்தொன்பது வயது பூர்த்தியான நிலையில், என் கைப்படவே எழுதும் வரலாறு இது.

மருதூரை மாறவேள் மன்னர் ஆண்ட காலத்தில், ஆதரவற்ற முதியோருக்கென அரசாங்கச் செலவில் ஒரு காப்பகம் நடந்துவந்தது. நடமாட இயலாத நாற்பது பேர் அங்கிருந்தனர். அவர்களைத் தூக்கிவிடும் பணியாட்களுக்குரிய மானியத்தை முதிய மந்திரி பேரம்பலவாணர் ஒரே ஓலையில் நிறுத்திவிட்டார்.

"எழுந்திருக்க ஆள் எதற்கு? எல்லாம் சோம்பல்! முடியாதென்பவர் சபைக்கு வந்து நிரூபிக்கட்டும்" என்றார்.

சபையில் சாதுரியத்துக்குப் பேர்போன சொக்கேசன், மறுநாட் காலையிலேயே ஒருவரைக் கட்டிலோடு கொண்டுவந்து ஆசனத்தில் அமர்த்தினான். அவர் பழைய யானைப்பாகர் இருளப்பர், வயது தொண்ணூற்றாறு. சுமந்துவந்த பணியாட்கள் நால்வரும் வெளியேறினர்.

"என்ன பெரியவரே, எழ முடியாதோ?" என்றார் மந்திரி.

"யானையையே அதட்டி எழுப்பினவன் சாமி நான். என்னை எழுப்பத்தான் ஆளில்லை" என்ற இருளப்பர், அப்படியே உறங்கிப்போனார்.

உச்சிவேளை மணி அடித்தது. மன்னர் உணவுக்கு எழப்போனார்.

"பொறுத்தருள்க, மகாராஜா!" என்றான் சொக்கேசன். "சபையில் வயதில் மூத்தவர் எழுந்த பின்னரே மற்றவர் எழலாம். தங்கள் பாட்டனார் வகுத்த வழக்கம்."

மன்னர் அமர்ந்தார். சபையே அமர்ந்திருந்தது. இருளப்பர் குறட்டை விட்டார். மடைப்பள்ளியிலிருந்து நெய்மணம் வந்து வந்து போயிற்று. மந்திரியின் பாடோ மகா மோசம். காலையில் அவர் மூன்று செம்பு மோர் அருந்தியிருந்தார். கால்மேல் கால் போட்டார், மாற்றிப் போட்டார், வியர்த்தார்.

"யோவ் சொக்கேசா, அவரை எழுப்பித் தொலையும்!"

"தாமே எழுவார், ஐயா. ஆள் எதற்கு?"

"இரண்டு பேரைக் கூப்பிடும்!"

"இரண்டு பேர் போதுமா?"

"நாலு பேர்! ஓடிவரச் சொல்லும்!"

"இவர் ஒருவருக்கு மட்டுமா?"

"நாற்பது பேருக்கும்! எத்தனை ஆள் வேண்டுமானாலும்! சீக்கிரமய்யா!"

எழுத்தர் எழுதி நீட்டிய ஓலையில், மந்திரி வாசித்தும் பாராமல் முத்திரையைக் குத்தினார். வாசலில் நின்ற நால்வரும் வந்து இருளப்பரைத் தூக்கி நிறுத்தினர். அவர் பாதம் தரையில் பட்டதுதான் தாமதம், மன்னரையும் முந்திக்கொண்டு மந்திரி கொல்லைப்புறம் பாய்ந்தார்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மந்திரியார் சொன்னது மெய்தான், சொக்கேசா! எழுந்திருக்க ஆளே தேவைப்படாத கிழவர் ஒருவர் நம் நாட்டில் இருக்கத்தான் செய்கிறார்!"

சொக்கேசனுக்கு முத்துமாலையும், காப்பகத்துக்கு நிரந்தர மானியமும் அருளப்பட்டன. அந்நாள், பங்குனித் திங்கள் பதினேழாம் நாள், வியாழக்கிழமை.