இலையில் பூத்த உப்பு

முத்துப்பேட்டைக்குத் தெற்கே, உப்பங்கழி கடலில் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குடில் இருந்தது. அங்கே இருந்த அம்மாவுக்கு வயது நாற்பத்திரண்டுதான். காவி கட்டுவதற்கு முன்பு கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தெய்வசிகாமணிக்கு ஐம்பத்தாறு. சீடர் குருவைவிட மூத்தவராக இருக்கக்கூடாது என்று எந்த ஏட்டிலும் எழுதவில்லையே.

சிகாமணி உரக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு, அமைதி வேண்டும் என்று வந்தார். வந்தது என்னவோ அமைதிக்குத்தான். ஆனால் மனுஷன் ஓரிடத்தில் உட்கார்ந்தால்தானே? தியானத்துக்குக் கண்ணை மூடுவார், கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருக்கும். எழுந்து போய் வாளியை நகர்த்தி வைப்பார். கூட்டின வாசலையே மறுபடி கூட்டுவார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி குடிலைச் சுற்றிச் சுற்றி நடப்பார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய தம்பி பக்கிரிசாமிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்க வேண்டும். ரத்தத்தை வெளியே எடுத்து, மிஷினில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுவார்கள். கூட்டிப் போனதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும், திரும்பக் கூட்டி வந்ததும் அண்ணன்தான். சாயங்காலம் தம்பியின் முகம் தெளிந்திருக்கும். மறுநாளே கண்ணுக்குக் கீழே வீங்க ஆரம்பித்துவிடும்.

இப்படியே சில வருஷம். ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது சிகாமணிக்குச் சலித்துவிட்டது. இறைக்க இறைக்க ஊறுகிற இந்தக் கிணற்றுக்கு முடிவே கிடையாதா என்று நினைத்தார். அடுத்த வீட்டுப் பையனிடம் தம்பியை ஒப்படைத்தார், பையைத் தூக்கிக்கொண்டு குடிலுக்கு வந்துவிட்டார்.

வந்த நாளிலிருந்து காவி கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும் கேட்டார்.

"காவி கட்டிட்டா அப்புறம் தம்பின்னு யாரும் கிடையாது. தெரியும்ல ஐயா?"

"அதுக்குத்தாம்மா கேக்கறேன்" என்றார் சிகாமணி.

அம்மா, வருகிற பௌர்ணமிக்குப் பார்க்கலாம் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

குடில் வாசலில், கழிக்கரைச் சேற்றில் ஒரு வெண்கண்டல் மரம் நின்றது. அலையாத்தி இனம். வேர் உப்புத் தண்ணீரில், தலை வெயிலில். பௌர்ணமிக்குக் காத்திருந்த நாட்களில் சிகாமணியின் கண் அதன்மேல் விழுந்தது. நல்ல மத்தியானத்தில் பார்த்தால் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடி.

உரக்கடைக்காரர் அல்லவா? ஆயுசு முழுக்க விவசாயிகள் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து காட்டுவார்கள். இவர் ஒரு பார்வை பார்த்து மருந்தை எடுத்துக் கொடுப்பார். இதற்கும் ஒரு பார்வைதான் பார்த்தார். சாம்பல் நோய் என்று தீர்மானித்தார். யாரையும் கேட்கவில்லை. வேப்பெண்ணெயையும் சோப்புத் தண்ணீரையும் கலந்து அடித்தார். அதோடு விட்டாரா? ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இலையாகத் துடைத்தார்.

அன்றைக்கு மரம் பளிச்சென்று இருந்தது. மறுநாள் மத்தியானம் திரும்பவும் வெள்ளை.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மறுபடி துடைத்தார். மறுபடி வந்தது. மேல்கிளை எட்டவில்லை என்று கிளை பிரிகிற கவையில் ஏறி நின்று துடைத்தார். சோறு தண்ணி மறந்து துடைத்தார். படகில் போன ஒருத்தர், மரத்துக்கு முகம் கழுவி விடுறீங்களா என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். அம்மா தினமும் அந்த வழியாகத்தான் கழிக்குப் போய் வந்தார். பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடுவார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானம் சிகாமணி மூச்சு வாங்க ஓடி வந்தார். ஒரு கிளைக்கு மட்டும் மருந்து கேட்டுவிட்டது, முந்தாநாள் துடைத்தது இன்னும் ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அம்மாவை அழைத்துப் போனார். உண்மைதான். சேற்றில் சாய்ந்து கிடந்த ஒரு கிளையின் இலைகள் மட்டும் துடைத்த பாத்திரம் போல இருந்தன.

அம்மா அந்தக் கிளையைப் பார்த்தார். பிறகு நின்றிருந்த கிளையிலிருந்து பொடி படிந்த இலை ஒன்றைக் கிள்ளி அவரிடம் நீட்டினார்.

"நாக்குல வைங்க."

சிகாமணி தயங்கினார். நோய் பிடித்த இலையை யாராவது நக்குவார்களா? ஆனாலும் குரு சொல். வைத்தார். முகம் சுருங்கியது.

"உப்பு" என்றார்.

அம்மா கரையிலேயே உட்கார்ந்தார். யூரியா அதிகமாகப் போட்டால் பயிர் ஏன் கருகுகிறது என்று கேட்டார். இது சிகாமணியின் சொந்தப் பாடம். கடையில் ஆயிரம் பேருக்குச் சொன்னது. வேருக்கு வெளியே உப்பு கூடிப்போனால் உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே ஓடிவிடும், வயலில் தண்ணீர் நின்றாலும் பயிர் தாகத்தில் சாகும் என்றார்.

அப்படியானால் இந்தக் கழி முழுக்க உப்பு, இந்த மரம் எப்படி நிற்கிறது என்று அம்மா கேட்டார்.  உப்புக் கழியில் மரம் நிற்பதை இத்தனை நாளும் சிகாமணி அதிசயமாக நினைத்ததே கிடையாது.

அம்மா சொன்னார். கல்லூரிக் குரல் கொஞ்சம் திரும்பி வந்தது. உயிர் என்று எது இருந்தாலும் அது சின்னச் சின்ன செல்லால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. தண்ணீருக்கு அதில் வழி உண்டு. எந்தப் பக்கம் உப்பு அதிகமோ அந்தப் பக்கம் தானாக ஓடும், யாரும் தள்ள வேண்டாம். ஆனால் உள்ளே வந்த உப்பை, உப்பு கூடுதலாக இருக்கிற பக்கத்துக்கே திருப்பித் தள்ள வேண்டுமானால் அது தானாக நடக்காது. மேட்டில் மூட்டை ஏற்றுகிற வேலை. சவ்விலேயே அதற்கென்று ஆள் வைத்த மாதிரி வாசல்கள் இருக்கின்றன. அவை தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த மரம் உப்பில் முக்கால்வாசிக்கும் மேலே வேரிலேயே தடுத்துவிடுகிறது. தப்பி வந்ததை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. சிகாமணி நோய் என்று துடைத்தது அதைத்தான்.

"இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, உங்க உடம்புலயும் அதே வேலைதான் நடக்குது. சாப்பிடற சோத்துல ஒரு நல்ல பங்கு அந்தத் தள்ளற வேலைக்கே போகுது."

"நான் தூங்கறப்பவுமா?"

"தூங்கறப்பவும்."

"எப்ப நிக்கும்?"

 அம்மா வாயைத் திறப்பதற்குள் பாதையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

இறங்கினது பக்கிரிசாமி. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை போலிருக்கிறது, வெறுங்காலோடு வந்தார். முகம் உப்பியிருந்தது. நாலு எட்டு வைப்பதும் நிற்பதுமாக மரத்தடி வரைக்கும் வந்து சேர்ந்தார். கூட்டிப் போன அடுத்த வீட்டுப் பையன் வேலைக்குத் திருப்பூர் போய்விட்டானாம், நேற்று போக வேண்டிய ஆஸ்பத்திரி முறைக்குப் போகவில்லையாம். இதையெல்லாம் பின்னாலேயே வந்த ஆட்டோக்காரர்தான் சொன்னார். 

"ஏன்டா இப்படி வந்து நிக்கற?" என்றார் சிகாமணி.  தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடுமே.

"ஒண்ணும் இல்லண்ணே. நாளைக்குக் காவி கட்டப் போறதா சொன்னாங்க. கட்டினதுக்கு அப்புறம் அண்ணேன்னு கூப்பிடக் கூடாதாமே. அதான், ஒரு தடவ கூப்பிட்டுட்டுப் போயிடலாம்னு."

சிகாமணி தம்பியைப் பார்த்தார், குடிலைப் பார்த்தார், கழியைப் பார்த்தார். கையில் இருந்த ஈரத்துணியை முறுக்கினார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அம்மாவிடம் திரும்பினார்.

"இன்னிக்குக் கூட்டிட்டுப் போனா நாளன்னிக்கும் போகணும்மா. அதுக்கு அப்புறமும் போகணும். அவன் இருக்கற வரைக்கும் போகணும். எனக்கு அமைதி எப்பம்மா வரும்?"

அம்மா எழுந்தார். சேற்றில் சாய்ந்து கிடந்த அந்தச் சுத்தமான கிளையைப் பிடித்துத் தூக்கினார். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. சிகாமணி கவையில் ஏறி நின்று துடைத்தபோது கிழிந்து, பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த கிளை. இலை இன்னும் பச்சையாகத்தான் இருந்தது, ஓரம் மட்டும் வாடத் தொடங்கியிருந்தது. அம்மா அதை அவர் கையில் கொடுத்தார்.

"இதுக்கு வந்துடுச்சு, ஐயா."

சிகாமணி கிளையை வைத்துக்கொண்டு நின்றார். காற்று அடித்தது, தலைக்கு மேலே மரத்தின் இலைகள் வெள்ளை வெள்ளையாக ஆடின. அவர் கிளையைக் கீழே வைத்தார், தம்பியின் தோளுக்கு அடியில் கை கொடுத்தார், ஆட்டோவைத் திருப்பச் சொன்னார்.