ட்ரையல் தோசை

முதுகுப்பையோடு ஆஸ்திரேலியா சுற்றிய வெண்ணிலாவுக்குக் கையிருப்பு கரைந்துவிட்டது. வேலை கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை விடுதிக் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். மெல்பர்னில் சண்முகநாதனின் தோசைக்கடைக்குப் போனாள். அங்கே வேலை கேட்டு வருகிறவர்கள் முதலில் சம்பளமில்லாமல் ‘ட்ரையல்’ செய்ய வேண்டும். இதுவரை யாரும் தேறியதில்லை. கடை மட்டும் நன்றாக நடந்தது.

வெண்ணிலாவும் தோசை சுட்டாள். தினமும் சண்முகநாதனிடமிருந்து ஒரே பதில்தான்.

“இன்னும் சரிவரேல்லை, பிள்ளை. நாளைக்கும் ட்ரையலுக்கு வாரும்.”

வியாழக்கிழமை மதியம் கடை நிறைய ஆள். சாப்பிட்டவர்கள் கல்லாவில் வரிசையாக நின்றபோது, அவள் தோசைத்திருப்பியோடு வெளியே வந்தாள்.

“காசு வேண்டாங்க. இதெல்லாம் ட்ரையல் தோசை. இன்னும் சரியா வரலைன்னு அங்கிளே சொல்லிட்டார். இந்தக் கடையில ட்ரையலுக்குக் காசு கிடையாது.”

நீட்டிய கார்டுகள் பைக்குள் திரும்பின.

“ஐயோ, ஆர் சொன்னது? திறமான தோசையெல்லோ!” என்று சண்முகநாதன் பதறினார்.

“அப்ப நான் பாஸா, அங்கிள்?”

வரிசை முழுக்க அவரைப் பார்த்தது.

“பாஸ்தான், பிள்ளை.”

“சம்பளம் எந்த நாள்லேருந்து?”

அவர் வரிசையைப் பார்த்தார், கல்லாவைப் பார்த்தார்.

“முதல் நாளிலை இருந்து.”

கார்டுகள் மறுபடி வெளியே வந்தன.