சத்தமில்லாத வார்டு

மலையடிவாரத்துச் சின்ன ஆஸ்பத்திரி அது. வார்டுக்கு ஒரே ஒரு நர்ஸ். மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலை. ஆள் கேட்டு மேலே எழுதி எழுதிப் பேனாதான் தேய்ந்தது.

பெண்கள் வார்டு பூங்கோதைக்கு, ஆண்கள் வார்டு ஷகிலாவுக்கு. இரண்டு பேருக்கும் வேலை கற்றுக்கொடுத்தவர் தலைமை நர்ஸ் எஸ்தர். அந்த மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். தன் இடத்துக்கு ஷகிலாவின் பெயரைச் சொல்லிவிட்டார்.

பூங்கோதைக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள்தானே சீனியர்! மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நேராக எஸ்தரிடம் போய் நின்றாள்.

“அவகிட்ட அப்படி என்ன சிஸ்டர் கண்டுட்டீங்க?”

“நீ என்ன கண்டே, சொல்லு.”

“சந்தைக்கடை மாதிரி இருக்கு அவ வார்டு. விடிஞ்சா போதும், சிஸ்டர் சிஸ்டர்னு ஒரே கூப்பாடு. தலையணை நழுவினாக்கூட அவளைக் கூப்பிடறாங்க. மகாராணிக்கு அதுல ஒரு பெருமை வேற! என் வார்டுல ஒரு பொட்டுச் சத்தம் இருக்கா?”

வாய்தான் அப்படிச் சொன்னது. அந்த ஒவ்வொரு ‘சிஸ்டரும்’ அவளுக்கு முள்ளாய்க் குத்தியது. அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“வா, பார்க்கலாம்” என்று எஸ்தர் எழுந்தார்.

பெண்கள் வார்டு அமைதியாகத்தான் இருந்தது. விரிப்புகளில் ஒரு சுருக்கம் கிடையாது. ஜன்னலோரக் கட்டிலில் ராக்கம்மா, வயிற்றில் ஆபரேஷன் ஆனவள், கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். எஸ்தர் போர்வையை விலக்கினார். குளுக்கோஸ் ஊசி நரம்பைவிட்டு விலகி, கை புசுபுசுவென்று வீங்கிக் கிடந்தது.

பூங்கோதை பதறிப்போய் ஊசியை எடுத்தாள். “ஐயோ! எப்பலேருந்து இப்படி?”

“காபி குடிக்கறப்பவே வலிச்சுதும்மா.”

“வாயைத் திறந்து கூப்பிட வேண்டியதுதானே?”

ராக்கம்மா எஸ்தரைப் பார்த்துச் சொன்னாள். “காலையில பக்கத்துக் கட்டில்காரி தண்ணி கேட்டதுக்கே இவங்க சத்தம் போட்டாங்க. பாவம், இவங்களும் ஒண்டியா ஓடுறாங்க. பொறுத்துக்கலாம்னு இருந்துட்டேன்.”

இன்னொரு கையில் ஊசி போட்டு முடித்து, இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். பூங்கோதைக்கு அழுகை முட்டியது. அப்போதும் அவள் விடவில்லை.

“ஒருத்தியா இத்தனை கட்டிலையும் எப்படி சிஸ்டர் பார்க்கிறது? ஷகிலாவால மட்டும் முடியுதா?”

“முடியல” என்றார் எஸ்தர். “யாராலயும் முடியாது. அதனாலதான் அவங்க கூப்பிடணும்.”