அக்கா பாகம் வலது, தம்பி பாகம் இடது

முன்னொரு காலத்தில், மன்னர்களுக்கு மதியத் தூக்கத்தில் சட்டங்கள் தோன்றிக்கொண்டிருந்த நாளில், ஒரு நாட்டைப் பரிமளவர்மன் என்ற அரசர் ஆண்டார். நல்ல மனிதர். ஆனால் ஒரு விஷயத்தை இரண்டு முறை விளக்கினால் மூன்றாவது விதமாகப் புரிந்துகொள்வார்.

அந்த ஆண்டு ஐப்பசியில் பெரும்புயல் அடித்தது. யானைமேல் நகரைச் சுற்றி வந்த அரசர், ஓடு பறந்த வீடுகளைப் பார்த்துவிட்டு அரண்மனைக்குத் திரும்பினார். சாப்பிட்டார், தூங்கினார், எழுந்ததும் அறிவித்தார்:

"யார் தம் வீட்டைச் சொந்தச் செலவில் பழுது பார்க்கிறாரோ, அவருக்கு இந்த ஆண்டு வாசல் வரியில் பாதி கழிவு."

வாசல் வரி என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் அரண்மனைக்குச் செலுத்தும் பணம். பாதி போனால் லாபம்தானே? ஊரே ஓலை எழுதிக் கழிவு கேட்டது. அரண்மனை விகடன் தாண்டவனும் கேட்டான். அவனும் அவன் அக்கா சிவகொழுந்தும் ஒரே வீட்டுக்குச் சொந்தக்காரர்கள். அப்பா பட்டயத்தில் இருவர் பெயரையும் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் இருவரும் சேர்ந்து ஒரே ஓலையில் கேட்டார்கள்.

அந்த ஓலை வரி அமைச்சர் அச்சுதராயர் கைக்குப் போனது. அவருக்குத் தாண்டவனைக் கண்டால் ஆகாது. அவன் வாயைத் திறந்தால் சபை சிரிக்கும். அவர் வாயைத் திறந்தால் சபை கொட்டாவி விடும். ஓலையை மூன்று தரம் படித்தார். ஆளனுப்பி வீட்டில் யார் எதைப் பழுது பார்த்தார்கள் என்று விசாரித்தார். பிறகு அரசரிடம் ஓடினார்.

"மன்னா, ஒரு வீட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருந்தால் யாருக்குக் கழிவு?"

"இரண்டு பேருக்கும்" என்றார் அரசர்.

"அப்படியானால் ஒரு வரிக்கு இரண்டு கழிவா, மன்னா?"

அரசர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்படியானால் ஒருவருக்கும் இல்லை" என்றார். உடனே, "அதுவும் சரியில்லையே" என்றார்.

"அடியேன் ஒரு விதி எழுதி வந்திருக்கிறேன். வாசலின் வலப்பக்கம் மூத்தவர் பாகம், இடப்பக்கம் இளையவர் பாகம். தன் பாகத்துக்குத் தான் செலவழித்தவருக்கு மட்டுமே கழிவு. பொய்யாகக் கேட்டவர் வீடு ஓராண்டு பூட்டி முத்திரையிடப்படும்."

அரசருக்குப் பாதி புரிந்தது. முழுதாகக் கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை அச்சுதராயர் ஆட்களோடு தாண்டவன் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே பார்த்தபடி வலது கையை நீட்டினார். கை கூடத்தைக் காட்டியது.

"இது வலப்பக்கம். மூத்தவரான அக்காவின் பாகம். கூடத்துக்குப் புது ஓடு போட்டது யார்?"

"நான்தான், ஐயா" என்றான் தாண்டவன். "என் படுக்கை அங்கேதான். இரண்டு நாள் மழையிலேயே படுத்தேன்."

இடது கையை நீட்டினார். அது சமையல்கட்டைக் காட்டியது. "இது தம்பியின் பாகம். இந்தச் சுவரை எழுப்பியது?"

"நான்" என்றாள் சிவகொழுந்து. அவள் அவல் இடித்து விற்பவள். உரல் சமையல்கட்டில்தான் இருந்தது. "என் காசு. அவனைக் கேட்டா இன்னும் யோசிச்சுக்கிட்டு இருப்பான்."

அச்சுதராயர் முகம் மலர்ந்தது. "ஆக, தம்பி செலவழித்தது அக்கா பாகத்துக்கு. அக்கா செலவழித்தது தம்பி பாகத்துக்கு. தன் பாகத்துக்கு இருவருமே செலவழிக்கவில்லை. ஆனால் கழிவு கேட்டிருக்கிறீர்கள். பொய் விண்ணப்பம்."

சிவகொழுந்து இடுப்பில் கை வைத்தாள். "இருங்கய்யா. அப்போ நான் தினமும் சோறாக்குறது இவன் வீட்டுலயா?"

"ஆம், அம்மா."

"இவன் குறட்டை விடுறது என் வீட்டுல?"

"ஆம்."

"இத்தனை வருஷமா எங்களுக்கே தெரியாமப் போச்சு பாருங்க. ஏன்யா, மழை பாகம் பாத்தா ஒழுகுது?"

"மழைக்கு விதி இல்லை, அம்மா. கழிவுக்கு உண்டு. மூன்றாம் நாள் முத்திரை வைக்கப்படும்" என்று சொல்லிவிட்டு அமைச்சர் போய்விட்டார். அவர் ஆட்கள் வீட்டின் நடுவே வாசல் முதல் கொல்லை வரை ஒரு கயிற்றைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

சிவகொழுந்து அப்படியே உரலருகே உட்கார்ந்துவிட்டாள். "உரல் தரையில பதிச்சது, தம்பி. பேத்துத் தூக்கிக்கிட்டுப் போக முடியாது. கார்த்திகைக்கு எட்டு வீட்டுக்கு அவல் தர்றதா வாக்குக் குடுத்திருக்கேன். வாசலைப் பூட்டிட்டா நான் எங்கே போய் இடிப்பேன்?"

தாண்டவன் கயிற்றைப் பார்த்தான். வெளியே போனான். திரும்பி உள்ளே வந்தான். உள்ளே வரும்போது வலது கை கூடத்துப் பக்கம் இருந்தது. மறுபடி வெளியே போனான். இப்போது அதே வலது கை சமையல்கட்டுப் பக்கம் இருந்தது. நின்று கையைப் பார்த்தான். மறுபடி உள்ளே, மறுபடி வெளியே.

"என்னடா, கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"இல்லை, அக்கா. அமைச்சர் சட்டத்தை அப்படியே நடத்திக் காட்டப்போகிறேன். நாளன்றைக்கு நீயும் சபைக்கு வா."

மூன்றாம் நாள் சபை கூடியது. அரசருக்கு வலப்பக்கத்து ஆசனத்தில் அச்சுதராயர் அமர்ந்திருந்தார். நாட்டிலேயே பெரிய மரியாதை அந்த ஆசனம்தான். இடப்பக்கத்தில் படைத்தலைவர்.

தாண்டவன் இரண்டு சுமைதூக்கிகளோடு வாயில் வழியாக நேரே வந்தான். அரசரை வணங்கினான். பிறகு ஆட்களுக்குக் கை காட்டினான். அவர்கள் அச்சுதராயரை ஆசனத்தோடு தூக்கினார்கள்.

"எங்கே தூக்குகிறீர்கள்? இறக்குங்கள்" என்று அச்சுதராயர் ஆசனத்தின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீர்கள், ஐயா. வலப்பக்கத்துக்குத்தான் கொண்டுபோகிறோம்."

"நான் இருப்பதே வலப்பக்கம்தான்."

"இல்லையே, ஐயா. நான் வாயிலில் நின்று உள்ளே பார்த்தேன். நீங்கள் என் இடது கைப்பக்கம் இருக்கிறீர்கள். படைத்தலைவர்தான் வலப்பக்கம்."

படைத்தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு இந்தச் செய்தி பிடித்திருந்தது.

அரசர் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். இடது கையைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற விசிறிக்காரனிடம், "நான் சாப்பிடுவது எந்தக் கை?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆனாலும் தெளிவு வரவில்லை.

அந்தரத்தில் இருந்த அச்சுதராயர் கத்தினார்: "மன்னா, இவன் குழப்புகிறான். வருகிறவன் போகிறவன் கையை வைத்தா வலப்பக்கம் சொல்வது? உள்ளே அமர்ந்திருப்பவர் நீங்கள். இந்த இடத்துக்குச் சொந்தக்காரர் நீங்கள். உங்கள் வலக்கைப் பக்கம்தான் வலப்பக்கம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"ஆசனத்தை அப்படியே கீழே வையுங்கள்" என்றான் தாண்டவன். "ஐயா சொன்னதைச் சபை கேட்டது. உள்ளே இருக்கிற சொந்தக்காரரின் வலக்கைதான் வலப்பக்கம். மன்னா, எங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர் அமைச்சர். உள்ளே இருக்கிற சொந்தக்காரர்கள் நாங்கள். உள்ளிருந்து தெருவைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் சமையல்கட்டு. அது அக்கா பாகம், அக்காதான் செலவழித்தாள். இடப்பக்கம் கூடம். அது என் பாகம், நான்தான் செலவழித்தேன்."

அச்சுதராயர் வாயைத் திறந்தார். கூடம் அக்கா பாகம் என்று சாதித்தால் ஆசனம் போகும். ஆசனம் வேண்டுமென்றால் கூடம் தம்பிக்குப் போகும். வாயை மூடிக்கொண்டார்.

கடைசியில் வேறு வழி தேடினார். "அப்படியே இருக்கட்டும், மன்னா. ஒரு வீட்டுக்கு இரண்டு கழிவு கொடுத்தால் கருவூலம் என்ன ஆவது?"

அதுவரை ஒதுங்கி நின்ற சிவகொழுந்து முன்னால் வந்தாள். "மகாராசா, எங்க வீட்டுக்கு வாசல் ஒண்ணு. வரியும் ஒண்ணு. கழிவும் ஒண்ணு போதும். அதுல பாதி அவனுக்கு, பாதி எனக்கு. ரெண்டு கழிவு நாங்க கேக்கவே இல்லையே. அந்தக் கயித்தை மட்டும் அவுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க. சோத்துப்பானையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு நாளா தாண்டித் தாண்டி எனக்கு முட்டி வலிக்குது."

அரசர் வெகுநேரம் யோசித்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். திடீரென்று தொடையைத் தட்டிச் சிரிக்கத் தொடங்கினார். "புரிந்துவிட்டது. அச்சுதராயரே, எனக்கே புரிந்துவிட்டது. உட்கார ஒரு வலப்பக்கம், வரி போட ஒரு வலப்பக்கம் என்று நீர் இரண்டு வைத்திருக்கிறீர்." அரசர் சிரித்ததும் சபை முழுவதும் சிரித்தது. படைத்தலைவர் மட்டும் கொஞ்சம் வருத்தத்தோடு சிரித்தார்.

கழிவு உறுதியானது. முத்திரை வைக்கப் போன ஆட்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வர ஆணை போனது.

பரிசாகப் பொன்சரிகைச் சால்வை ஒன்றைக் கொண்டுவரச் சொன்ன அரசர், அதை எடுத்துக்கொண்டு எழுந்தார். அக்காவைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். சட்டென்று மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொரு சால்வை கொண்டுவாருங்கள்" என்றார். "இதில் யாருக்கு எந்தப் பாதி என்று இனியும் யோசிக்க என்னால் ஆகாது."