பூசணிக்காய் தூங்கினால்தான் பாடம் முடியும்

க்ரீச்… உஷ்ஷ்… க்ரீச்… உஷ்ஷ்.

இருட்டிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரையிலிருந்து இந்தச் சத்தம். வீட்டுக்காரர் வெளியூரில். ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பூரிக்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன்.

வேப்பங்கிளையில் ஒரு புடவைத் தூளி. தூளிக்குள் ஒரு பூசணிக்காய். அதைச் சுற்றி என் மாணவர்கள் மூன்று பேர்: சிங்கராயர், உலகநாதன், பிச்சைக்கனி. மூவரும் இந்த ஏரியில் படகு ஓட்டுகிறவர்கள். சிங்கராயரின் கால் கட்டைவிரலில் தூளிக்கயிறு கட்டியிருந்தது. காலை ஆட்டிக்கொண்டே, மூவரும் ரகசியக் குரலில், "ப்ளீஸ் சிட் டவுன், உஷ்ஷ். டோன்ட் ஸ்டாண்ட் அப், உஷ்ஷ்" என்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

தப்பு என்மேல்தான். சனிக்கிழமை பரீட்சை வைக்க ஆபீசர் வருகிறார், வெளிநாட்டுக்காரர்களிடம் இங்கிலீஷ் பேசத் தெரியாதவர் படகை விட்டு இறங்கி, ஏரியில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை அள்ளப் போகவேண்டும் என்று படகுத்துறையில் சொல்லிவிட்டார்கள். மூவரும் என்னிடம் வந்து நின்றார்கள். கான்வென்ட்டில் மதர் எங்களுக்குச் சொன்னதையே நானும் சொன்னேன்: "நான் எப்படிச் செய்றேனோ அப்படியே செய்யுங்க."

செய்தார்கள். குழந்தை தூங்கவேண்டுமே என்று நான் காலில் கயிறு கட்டித் தொட்டிலை ஆட்டியபடி, மெதுவாகப் பேசி, வாக்கியத்துக்கு ஒரு 'உஷ்ஷ்' போட்டுத்தான் பாடம் நடத்தினேன். குழந்தை தூங்கியதும் பாடம் முடியும். மூவரும் நுனிக்காலில் பின்பக்கமாகவே நடந்து வெளியேறுவார்கள். எனக்குப் பயம் அதிகம்; உள்ளே தாழ் போடும்வரை வாசலிலேயே நிற்கச் சொல்லியிருந்தேன். தாழ் விழும் சத்தம் கேட்ட பிறகே செருப்பை மாட்டுவார்கள்.

"பூசணிக்காய் எதுக்கு?" என்றேன்.

"காலித் தூளியில இங்கிலீஷ் வரமாட்டேங்குது டீச்சரம்மா," என்றார் சிங்கராயர். "பாப்பா எடைக்கே பார்த்து எடுத்தோம்."

அப்போது பிச்சைக்கனி, "வேர் யுவர் லைஃப் ஜாக்கெட்" என்றார். உடனே உலகநாதன் "ங்ஙே" என்று வீறிட்டு அழுதார். என் குழந்தை திடுக்கிட்டு அவரைப் பார்த்தது.

"அந்த இடத்துல பாப்பா அழுதிச்சே," என்றார் சிங்கராயர். "பூசணிக்காய் அழாதில்ல. அதான் அந்தப் பாடத்தை இவனுக்குக் கொடுத்தாச்சு. எங்க மூணு பேர்ல நல்லாப் படிக்கறவன் இவன்தான்."

நான் பூரிக்கட்டையை நீட்டிச் சொன்னேன்: "பரீட்சையில தொட்டில் கிடையாது. தூளியும் கிடையாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்றார்கள். நான் திரும்பி நடக்கையில் பின்னால் பேச்சு கேட்டது.

"தூளி கூடாதுன்னாங்க. ஆட்டக் கூடாதுன்னாங்களா?"

"அது சொல்லலியே அண்ணே."

சனிக்கிழமை ஆபீசர் தணிகாசலம் வந்தார். நீச்சல் தெரியாதவர். படகை நடு ஏரிக்குக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லி, முதல் கேள்வியைக் கேட்டார். தண்ணீர்மேல் பேச்சு நன்றாகக் கேட்கும். நான் கரையில் குழந்தையோடு நின்றேன். மூவருக்கும் இங்கிலீஷ் வரவில்லை. ஆகாயத்தாமரை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

சிங்கராயர் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தார். பிச்சைக்கனி வலப்பக்கம் சாய்ந்தார். படகு ஆட ஆரம்பித்தது. உடனே மடை திறந்த மாதிரி இங்கிலீஷ் வந்தது. "குட் மார்னிங் சார், உஷ்ஷ். ப்ளீஸ் சிட் டவுன், உஷ்ஷ்."

ஆபீசர் படகின் விளிம்பைப் பிடித்தார். லைஃப் ஜாக்கெட் வாக்கியம் வந்ததும் உலகநாதன் தன் பங்கை ஒரு குறையும் வைக்காமல் அழுதுமுடித்தார். மறுபடி ஆட்டம், மறுபடி உஷ்ஷ். விடியற்காலை பஸ் பிடித்து வந்த மனிதர்; கொஞ்ச நேரத்தில் தலை சரிந்தது. குறட்டை கேட்டது.

தூங்கியாயிற்று. பாடம் முடிந்தது. மூவரும் எழுந்து, நுனிக்காலில், பின்பக்கமாகவே நடந்து, ஒருவர் பின் ஒருவராகச் சத்தமில்லாமல் ஏரிக்குள் இறங்கினார்கள்.

நீந்திக் கரைக்கு வந்தும் செருப்பைத் தொடவில்லை.

"தாழ் போடுற சத்தம் கேக்கலியே," என்றார் பிச்சைக்கனி.

"கதவே இல்லியேடா அங்க," என்றார் உலகநாதன்.

சிங்கராயர் கரையைச் சுற்றிப் பார்த்தார். "இல்லேன்னா கொண்டுபோய்க் கொடுக்கறதுதானே மரியாதை."

நான் தடுப்பதற்குள், டிக்கெட் கொடுக்கும் மரக்கூண்டின் கதவை நிலையோடு பெயர்த்து, மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போய், படகின் முனையில் தூக்கி நிறுத்தி, மூவரும் தண்ணீரில் இருந்தபடி பிடித்துக்கொண்டார்கள்.

ஆபீசர் கண் விழித்தார். நாலா பக்கமும் தண்ணீர். படகில் ஆள் இல்லை. எதிரே ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ரகசியக் குரல்: "சார், தாழ் போடுங்க."

"யாரது?"

"பரீட்சை எழுதினவங்க சார். நீங்க தாழ் போட்டாத்தான் நாங்க போகமுடியும்."

"பாஸ் போட்டா போயிடுவீங்களா?"

"தாழும் போடணும் சார்."

ஆபீசர் மூன்று பேருக்கும் பாஸ் என்று எழுதி, கையெழுத்திட்டு, கதவு இருக்கவே குனிந்து அதன் அடியிடுக்கு வழியாகத் தாளை வெளியே நீட்டினார். உலகநாதன் அதைப் பல்லில் கவ்விக்கொண்டார்.

பிறகு ஆபீசர் எழுந்து நின்று, இடமும் வலமும் பார்த்து, கதவை இழுத்துச் சாத்தி, உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்.