ரோஸ்டர் வரட்டும்

ஆனைமலையில் சாக்லேட் செய்துவந்த லிடியா, கேட்டு வருகிறவர்களுக்குக் கற்றும் கொடுத்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர் தமயந்தி. குருவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். லிடியா அவரை "அக்கா" என்பார்.

தமயந்தியின் கணவர் சென்னியப்பன் தென்னைக்கு நடுவே கோகோ போட்டிருந்தார். காய்ந்த கொட்டையைக் கம்பெனிக்காரர்கள் மூட்டையாக ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அது சாக்லேட் ஆனதை அவர் கண்டதில்லை.

"ஒருக்கா நம்ம கொட்டையில செஞ்சு குடு, தமயந்தி. என்ன ருசின்னு பாக்கோணும்."

அதற்காகத்தான் தமயந்தி கற்க வந்தார்.

அரைக்கவும் அச்சில் ஊற்றவும் கற்றுக்கொண்டபின் ஒருநாள் கேட்டார்.

"வீட்டுல கொஞ்சங் கொஞ்சமா வறுக்க எதை வாங்கறதுங்க, டீச்சர்? ஓவனா, டிரம் ரோஸ்டரா?"

லிடியா பிஸ்கட் சுடும் தட்டில், தமயந்தி கொண்டுவந்திருந்த கோகோ கொட்டையில் கொஞ்சம் பரப்பி ஓவனுக்குள் வைத்தார். முதலில் புளித்த வாடை வந்தது. பிறகு அறை முழுக்க மணந்தது. ஆறியதும் ஒரு கொட்டையைத் தோலுரித்துக் கொடுத்தார். தமயந்தி மென்றார்.

"நல்லாருக்குங்க. ஆனா ஓரத்துல இருக்கறதெல்லாம் கொஞ்சம் கருகியிருக்குதே."

"ஆமா."

"சமமா வறுபடோணும்னா?"

"டிரம் நல்லது."

லிடியா அந்தக் கொட்டைகளைப் பொட்டலம் கட்டி நீட்டினார். "இதை அரைச்சு அவருக்குக் குடுங்க."

தமயந்தி சிரித்தார். "மொத மொதல்ல குடுக்கறதுங்க. கருகினதையா குடுப்பாங்க?"

பொட்டலம் மேசைமேலேயே கிடந்தது.

தமயந்தி ரோஸ்டர் தேடினார். ஒன்றில் டிரம் பெரிது. சின்ன அளவு போட்டால் அடியில் தீய்ந்தது. இன்னொன்றில் தீயைக் குறைக்க வழியில்லை. கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் அளவு சொல்லிச் செய்யக் கொடுத்தார். முதலில் செய்ததைத் திருப்பி அனுப்பினார்.

சென்னியப்பன் அவ்வப்போது கேட்பார். "ஆச்சா, தமயந்தி?"

"ரோஸ்டர் வரட்டுமுங்க."

அந்த வருடக் கொட்டை கம்பெனிக்குப் போனது. அடுத்த வருடத்துக் கொட்டையும் போனது.

அதற்குள் சென்னியப்பனின் வாயில் ஒரு புண் வந்தது. சாதாரணப் புண் இல்லை என்றார்கள். கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். புண் ஆறியது. நாக்கில் ருசி போனது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

ரோஸ்டர் வந்தது. நல்ல ரோஸ்டர். ஒரு கொட்டைகூடக் கருகவில்லை. தமயந்தி பார்த்துப் பார்த்துச் சாக்லேட் செய்து ஒரு துண்டைக் கணவரிடம் கொடுத்தார். அவர் அதை வெகுநேரம் வாயில் வைத்திருந்தார்.

"நல்லாருக்குது, புள்ள" என்றார்.

அன்று காலை உப்புப் போட மறந்த உப்புமாவையும் அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

மறுநாள் தமயந்தி அந்தச் சாக்லேட்டை லிடியாவிடம் எடுத்துப் போனார். லிடியா ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான்கூட இப்படி வறுத்ததில்லை, அக்கா."

தமயந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அன்னைக்கே நீங்க குடுத்த பொட்டலத்தை எடுத்துட்டுப் போயிருக்கோணுங்க, டீச்சர். ஓரந்தானுங்களே கருகியிருந்துச்சு. அவரு ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு."

லிடியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அழுது முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அவருக்கு வாசனை தெரியுதா, அக்கா?"

"அதும் சரியாத் தெரியறதில்லீங்க."

"காது?"

"காது நல்லாக் கேக்குமுங்க."

"வறுபடுறப்ப கொட்டை படபடன்னு வெடிக்குமே. கேட்டிருக்காரா?"

"எங்கீங்க. அந்த மெஷின்ல மோட்டாரு சத்தந்தான். எனக்கே கேக்கறதில்லை."

தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப பட்டறைக்காரங்ககிட்டச் சொல்லிச் சத்தமில்லாத மோட்டாரா மாத்தச் சொல்லட்டுங்களா?"

லிடியா எழுந்து வாசற்கதவைத் திறந்தார்.

"பஸ் நிக்குது, அக்கா. போய் அடுப்புல ஒரு சட்டிய வச்சுக் கொட்டையப் போடுங்க. அவரைப் பக்கத்துல உக்கார வைங்க."