ஊர் சுற்றிய ஓட்டை

எங்கள் விமானக் கழகத்தில் மொத்தமே நாலு பேர். அதில் மூளை உள்ளவன் ரத்தினமூர்த்தி ஒருத்தன்தான். மற்ற மூன்று பேரும் அவன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அந்த மூன்றில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் புத்திசாலி என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது பாருங்கள்.

மற்ற இரண்டு பேர் கணக்கு டியூஷன் நடத்தும் தெய்வானையக்காவும், தையல் கடை நாச்சிமுத்தண்ணனும். நான் உடுமலைக் கடைவீதியில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன்.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பால்சா என்கிற எடையில்லாத கட்டையை ஈர்க்குச்சி போலச் சீவி, கூடு கட்டி, அதன்மேல் வெங்காயச் சருகைவிட மெல்லிய ஃபிலிமை ஒட்டுவது. ரப்பரை முறுக்கி விட்டால் மூடின மண்டபத்துக்குள் மெல்ல மிதக்கும். லேசான காற்றுப் பட்டாலும் போச்சு. அதனால் ரத்தினமூர்த்தி இதைச் செய்து முடிக்கிற வரைக்கும், கோடை முழுக்க, அவன் வீட்டில் ஃபேன் போடவில்லை. அவன் மனைவி மயிலாத்தாள் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் விசிறியை வீச வேண்டும்.

மயிலாத்தாள் ஒருநாள் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாள்: "இந்தத் தடவை போட்டியில பொள்ளாச்சிக்காரங்களை ஜெயிச்சா சரி. தோத்துட்டு வந்தீங்கன்னா அன்னைக்கே ஃபேனைப் போட்டுருவேன். அப்புறம் இந்த ஜென்மத்துல நிறுத்த மாட்டேன், ஆமா!"

ஃபேன் ஓடினால் விமானம் கட்ட முடியாது. ரத்தினமூர்த்திக்கு விமானம் கட்டாவிட்டால் சோறு இறங்காது. பாவம், அவன் பிழைப்பே அந்தப் போட்டியில் தொங்கியது.

போட்டிக்கு முந்தின நாள் அவனும் மயிலாத்தாளும் தாராபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு ரத்தினமூர்த்தி சொன்னான்: "விமானத்தைத் தொடாதீங்க. என்ன நடந்தாலும் தொடாதீங்க. சும்மா உக்காந்து காவல் காத்தாப் போதும்."

உட்கார்ந்தோம். விமானம் மேசைமேல் இருந்தது. நாங்கள் மூன்று பக்கமும் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் உத்தரத்திலிருந்து ஒரு பல்லி தொப்பென்று வலது இறக்கையில் விழுந்தது. ஃபிலிமைக் கிழித்து, உள்ளே போய், அடிவழியாக வெளியே வந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. நாங்கள் அசையவில்லையே! என்ன நடந்தாலும் தொடக் கூடாது.

"வலது பக்கம் விழுந்திருக்குது" என்றார் நாச்சிமுத்தண்ணன். "பலன் என்னங்கக்கா?"

தெய்வானையக்கா சுவரில் தொங்கிய காலண்டரின் பின்பக்கத்தைப் பார்த்தார். "வலது தோள்னா வெற்றின்னு போட்டிருக்குது."

"இறக்கை தோளாகுங்களா, கையாகுங்களா?"

இதற்கு ஒரு முடிவு காண மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. தோள்தான் என்று தீர்மானித்த பிறகு, நல்ல செய்தி சொல்லலாம் என்று ரத்தினமூர்த்திக்குப் போன் போட்டோம்.

அந்தப் பக்கம் நாதஸ்வரச் சத்தம். அதற்கு மேல் அவன் அலறினான். அலறி முடித்துவிட்டு, "சரி, கேட்டுக்கங்க. அதே ஃபிலிம்ல ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்க. ஓட்டையை விடக் கொஞ்சம் பெருசா வெட்டணும். பசையைத் தண்ணியாக் கரைச்சுக்கங்க. மூச்சு விடாம ஒட்டணும். எடை மட்டும் கூடவே கூடாது" என்று வைத்துவிட்டான்.

அலமாரியில் ஃபிலிம் சுருள் ஒன்று இருந்தது. நான்தான் எடுத்தேன். நாச்சிமுத்தண்ணன் என் கையைப் பிடித்தார்.

"ஏனப்பா, அதே ஃபிலிம்னு சொன்னான்ல? இது சுருள்ல இருக்கற ஃபிலிம். விமானத்துல இருக்கறதுதானே அதே ஃபிலிம்?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே அண்ணா."

"ஒரே துணியில ரெண்டு சட்டை தெச்சா, ரெண்டாவது சட்டை முதல் சட்டை ஆயிருமா? முப்பது வருசமா தெக்கறேன், எனக்குத் தெரியாதா?"

தெய்வானையக்கா இன்னொரு காரணமும் சொன்னார். சுருளிலிருந்து எடுத்து ஒட்டினால் எடை கூடும். விமானத்திலேயே எடுத்து விமானத்திலேயே ஒட்டினால் எப்படிக் கூடும்? கணக்கு டீச்சர் சொல்கிறார், மறுத்துப் பேச முடியுமா?

ஆகவே இடது இறக்கையிலிருந்து ஒரு துண்டை, ஓட்டையை விடக் கொஞ்சம் பெரிதாக, நாச்சிமுத்தண்ணன் வெட்டினார். தையலுக்கும் ஓரம் விட்டு வெட்டினார்.

அடுத்தது மூச்சு. முதலில் அவரே மூச்சை அடக்கிக்கொண்டு பசை தடவினார். பாதியில் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பிய பிறகு முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் மூச்சை அடக்கி ஒட்டுவது, மற்ற இருவர் வாசலுக்குப் போய் மூச்சு விட்டுவிட்டு வருவது. தெருவில் போனவர்கள் எங்களைப் பார்த்து, இந்த வீட்டில் ஏதோ எழவு விழுந்துவிட்டது போல என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரப் பார்த்தார்கள்.

வலது இறக்கை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இடது இறக்கையில் மட்டும் ஒரு ஓட்டை. அதையும் சொன்னபடியே அடைத்தோம், வால் சிறகிலிருந்து கொஞ்சம் பெரிதாக வெட்டி. இப்போது ஓட்டை வால் சிறகுக்கு வந்தது, இன்னும் கொஞ்சம் வளர்ந்து.

"போற வழி நல்லாத்தான் இருக்குது" என்றார் தெய்வானையக்கா. "ஓட்டை பின்னாடி நகர்ந்துட்டே போகுது. இன்னும் ஒரு தடவை தள்ளினா வெளிய போயிரும்."

நிஜமாகவே அப்படித்தான் ஆயிற்று! கடைசியாக மிஞ்சியது வாலில் செங்குத்தாக நிற்கிற சின்னச் சிறகு. வால் ஓட்டையை விடப் பெரிதாக வெட்டப் போனதில் அதிலிருந்த ஃபிலிம் முழுசும் வந்துவிட்டது. வெறும் குச்சிச் சட்டம் நின்றது. தேடு தேடென்று தேடினோம், ஓட்டையையே காணோம்.

"இங்க இருக்கறது ஓட்டை இல்லீங்களா?" என்று நான் சட்டத்துக்குள் விரலை விட்டுக் காட்டினேன்.

"ஓட்டைன்னா சுத்தி ஏதாவது இருக்கணும்ல?" என்றார் நாச்சிமுத்தண்ணன். "இங்கதான் ஒண்ணுமே இல்லையே." எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

மறுநாள் ரத்தினமூர்த்தி நேராகப் போட்டி நடக்கும் கல்யாண மண்டபத்துக்கே வந்துவிட்டான். வலது இறக்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அந்த ஃபிலிம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. அதனால் வாலை அவன் கவனிக்கவில்லை.

மண்டபத்தில் ஃபேன் எல்லாம் நிறுத்தியாயிற்று. மயிலாத்தாள் முன்வரிசையில் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தாள். விட்டதிலிருந்து விமானம் தரையைத் தொடும் வரைக்கும் கணக்கு என்று நடுவர் அறிவித்தார். பொள்ளாச்சி விமானம் பத்து நிமிஷத்துக்கு மேல் அன்னநடை நடந்து இறங்கியது.

பிறகு எங்களுடையது. வாலில் நிற்கிற சிறகில் ஃபிலிம் இல்லாததால் போதை ஏறினவன் போல இங்கும் அங்கும் திரும்பி, மேலே மேலே போய், நடு ஃபேனின் இறக்கையில் போய் மாட்டிக்கொண்டது.

"தரையைத் தொடலை" என்றார் தெய்வானையக்கா. நடுவர் விதியை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷம் தாண்டியது. பொள்ளாச்சிக்காரர்கள் கத்தினார்கள். சாயங்கால வரவேற்புக்கு மணப்பெண்ணோடு பெண் வீட்டுக்காரர்கள் வந்து, ஃபேனைப் போடச் சொல்லி அவர்களும் கத்தினார்கள்.

அப்போது ஃபேன் கம்பி வழியாக ஒரு பல்லி இறங்கியது.

"யாரும் எதையும் தொடாதீங்க!" என்று ரத்தினமூர்த்தி அலறினான்.

"வலது இறக்கைப் பக்கம் போகுதா, இடது பக்கமா?" என்று தெய்வானையக்கா கேட்டார்.

"வெளிச்சம் பத்தலைங்க. லைட்டைப் போட்டுப் பாத்துச் சொல்றேன்" என்று நாச்சிமுத்தண்ணன் சுவிட்சைப் போட்டார்.

அது ஃபேன் சுவிட்ச்.

பல்லி நடுவர் தலையில் விழுந்தது. தலையில் விழுந்தால் கலகம் என்று காலண்டரில் போட்டிருக்கிறது, அது உடனே பலித்தது. ஃபிலிம் எல்லாம் தூள் தூளாகப் பறந்து மணப்பெண்ணின் மேல் உதிர்ந்தது. குச்சிக்கூடு மட்டும் ஃபேனோடு சேர்ந்து சுற்றோ சுற்றென்று சுற்றியது. இப்போது அதில் ஒரு ஓட்டைகூட இல்லை.

மயிலாத்தாள் நேராக ஃபேனுக்கு அடியில் வந்து நின்று, முந்தானையை உதறி, கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் மேலே பார்த்தாள். ஃபேனும் ஓடுகிறது, விமானமும் பறக்கிறது.

"அட மனுசா!" என்றாள் புருஷனைப் பார்த்து. "ரெண்டும் ஒண்ணா நடக்கும்னு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா நான் கோடை பூரா வெந்திருப்பேனா?"

இப்போது ரத்தினமூர்த்தி நிம்மதியாக விமானம் கட்டுகிறான். கட்டி முடித்ததும் வீட்டு ஃபேனில் நூல் போட்டுக் கட்டிவிடுகிறோம். மயிலாத்தாள்தான் விமானி, ரெகுலேட்டர் அவள் கையில். ஒன்றில் வைத்தால் மிதக்கும், ஐந்தில் வைத்தால் நாங்கள் மூன்று பேரும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவோம். மண்டபத்தில் மட்டும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தக் கூடு இன்னும் தரையைத் தொடவில்லை. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் நாங்கள் மூவரும் கடிகாரத்தோடு போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறோம். எந்த வீட்டுக்காரர் என்று கேட்கிறவர்களிடம், விமானத்து வீட்டுக்காரர் என்று சொல்கிறோம்.